பெட்டி இழுக்கும்போது எஞ்சின் சூடேறுவதும் வலுக் குன்றுவதும்

தை முதல் பங்குனி வரை நடைபெறும் பெரும்போக அறுவடைக் காலத்தில், வயலிலிருந்து நெல் மூடைகளை வீட்டுக்கும் ஆலைக்கும் கொண்டு சேர்க்கும் வேலையை உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டப்படும் பெட்டியுமே பெரும்பாலும் செய்கின்றன. உழவின்போது யாதொரு குறையுமின்றி வேலை செய்த இயந்திரம், பாரமேற்றிய பெட்டியைப் பூட்டியதும் தன் குறைகளை வெளிக்காட்டத் தொடங்குகின்றது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை அணுகும். ஏற்றத்தில் இழுவை குன்றும். புகைக்குழாய் கரும்புகை கக்கும். சாரதி இறங்கி நின்று, றேடியேற்றருக்கு ஒரு வாளி நீர் ஊற்றிவிட்டு மீண்டும் புறப்படுவார். அன்றைக்குப் பெட்டி வீடு சேரலாம். ஆனால் நோய் தீர்ந்துவிடவில்லை.

இவ்வாறு நாளுக்கு நாள் நீரை ஊற்றி ஓட்டப்படும் எஞ்சினில் சிலிண்டர் தலை வளையும். தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கஸ்கற் எரியும். ஈற்றில் பிஸ்ரன் சிலிண்டருக்குள் இறுகி நிற்கும். இது நேர்வது பெரும்பாலும் வேலை மிகுந்த அறுவடை வாரத்திலேயாகும். களத்தில் நெல் குவிந்து கிடக்க, மழை முகில் கட்ட, இயந்திரம் பட்டறையிற் கிடக்குமாயின், கமக்காரருக்கு ஏற்படும் நட்டம் திருத்தக் கூலியோடு முடிவதில்லை. ஆகவே சூடும் வலுக்குறைவும் எதனால் உண்டாகின்றன என்பதையும், அவற்றை எவ்வொழுங்கிலே தேடிக் காணவேண்டும் என்பதையும் ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் அவசியம்.

வெப்பம் எங்கே போகின்றது?

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகின்றது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே சூடான புகையாக வெளியேறும். எஞ்சிய பங்கு சிலிண்டரின் சுவரிலேறி, அதைச் சுற்றியோடும் நீரினாலும் எஞ்சின் ஒயிலினாலும் கொண்டுசெல்லப்பட்டு, றேடியேற்றரிலே காற்றுக்குக் கையளிக்கப்படும். எனவே எஞ்சின் அளவுமீறிச் சூடாவதற்கு இரண்டு காரணங்களே உண்டு. ஒன்று, வெப்பம் வேண்டிய அளவிலும் கூடுதலாக உண்டாகின்றது. மற்றையது, உண்டான வெப்பம் வெளியேற வழியின்றித் தங்குகின்றது. இவ்விரண்டில் எது என்பதை முதலில் அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதை அறிதற்கு எளிய வழியொன்று உண்டு. எது முந்தியது, சூடா வலுக்குறைவா என்று கவனியுங்கள்.

1. கரும்புகையோடு வலு முதலிற் குன்றி, சூடு பின்னர் ஏறுமாயின், பாரம் மிகுதி, கியர் பொருத்தமின்மை, காற்று வடிகட்டி அடைப்பு அல்லது எரியெண்ணெய் மிகுதி என்பவற்றுள் ஒன்று காரணமாகும்.

2. புகை வழமைபோல் இருக்க, சூடு முதலில் ஏறி வலு பின்னர் குன்றுமாயின், குறை குளிராக்கும் பகுதிகளில் உள்ளது.

3. சூடும் கரும்புகையும் இன்றி வலு மட்டும் குன்றி எஞ்சின் தளர்ந்து வருமாயின், எரியெண்ணெய் போதிய அளவு வந்து சேரவில்லை.

4. எஞ்சின் வேகமாகச் சுழன்றும் சக்கரம் அதற்கேற்ப ஓடாதாயின், கிளச்சு வழுக்குகின்றது. இதில் எஞ்சினைக் குறைகூற இடமில்லை.

பாரமும் கியரும்

இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள்ளேயே கதிரறுத்து நெல்லைப் பிரித்துத் தந்துவிடுகின்றது. முன்னர் பல நாட்களிற் சிறிது சிறிதாக வந்த நெல் இன்று ஒரே பகலில் வந்து குவிகின்றது. ஆகவே ஒரு பயணத்தைக் குறைக்கும் எண்ணத்தோடு பெட்டியை அளவுமீறி நிரப்பும் வழக்கம் பெருகியுள்ளது.

ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 21 கிலோகிராம் ஆகும். 150 புசல் நெல்லின் நிறை 3 தொன்னுக்கு மேல் வரும். பெட்டியின் சொந்த நிறை ஒரு தொன் எனக் கொண்டால், இழுக்கவேண்டிய மொத்தப் பாரம் 4 தொன்னாகும். சமமான தார் வீதியில் இதை உருட்ட ஏறத்தாழ 80 கிலோகிராம் இழுவை போதும். ஈரமான இளகிய வயல்நிலத்திலோ, அதே பெட்டியை அசைக்க 600 கிலோகிராம் வரை தேவைப்படும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், வீதி எவ்வளவு நன்றாயினும், மேலும் 400 கிலோகிராம் கூடவேண்டும். வீதியில் இலகுவாக இழுத்த பாரத்தை வயலிலும் குளக்கட்டு ஏற்றத்திலும் இழுக்கும் என எண்ணுதல் தவறு என்பது இக்கணக்கினால் விளங்கும். வயலிலிருந்து வீதிவரை பாதிப் பாரமாகக் கொண்டுவந்து, வீதியோரத்தில் முழுமையாக்கிக் கொள்வது இயந்திரத்துக்கு நன்று.

பாரம் சரியாயிருந்தும் பெட்டி தானே இழுவையைத் தடுக்கலாம். சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி, பெட்டியின் சக்கரக் குடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாதவாறு சுடுமாயின் போல்பெயாரிங்கில் கிறீஸ் இல்லை, அல்லது பிறேக் விடாமற் பிடித்துக் கொண்டிருக்கின்றது. காற்றுக் குறைந்த தயர்களும் இழுவையை வீணாக்கும்.

கியரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கூடிய கியரில் எஞ்சினைத் தளரவிட்டு, வேக நெம்பை முழுவதும் திறந்து இழுப்பது பலரது வழக்கம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது விசிறியும் நீர்ப் பம்பும் மெதுவாகவே சுழலும். எரியும் டீசலோ மிகுதி. ஆகவே வெப்பம் கூடுதலாக உண்டாகிக் குறைவாக வெளியேறும். வேக நெம்பை மேலும் திறந்தும் எஞ்சினின் வேகம் கூடாதாயின், கியர் அந்தப் பாரத்துக்குப் பொருந்தவில்லை என்பது அதன் பொருள். ஏற்றம் தொடங்குமுன்னரே ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுச் செல்லும் வழிகள்

காற்று இரண்டு வழிகளால் எஞ்சினுக்கு உதவுகின்றது. ஒன்று றேடியேற்றரின் ஊடாகச் சென்று நீரைக் குளிர்விப்பது. மற்றையது வடிகட்டியூடாக உள்ளே சென்று டீசலை எரிப்பது. அறுவடைக் காலத்தில் வைக்கோற் தூசும் பதரும் உமியும் இவ்விரு வழிகளையும் அடைக்கின்றன.

றேடியேற்றரின் முன்பக்க வலையைத் துடைத்துவிட்டால் போதுமென எண்ணலாகாது. உள்ளே, மெல்லிய தகடுகளின் இடையிலேயே தூசு தங்கும். எஞ்சின் நின்று ஆறியபின், விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, காற்று உட்புகும் திசைக்கு எதிராக, காற்றாலோ மெல்லிய நீர்த்தாரையாலோ கழுவவேண்டும். வேகமான நீர்த்தாரை தகடுகளை வளைத்துவிடும். ஒயில் படிந்திருந்தால் சவர்க்கார நீர் தெளித்து ஊறவிட்டுக் கழுவுங்கள். அறுவடை நடைபெறும் நாட்களில் இதை நாள்தோறும் மாலையிற் செய்தல் நலம்.

ஒயில் கிண்ணமுள்ள காற்று வடிகட்டியாயின், கிண்ணத்தை இறக்கி, அடியிலே படிந்த சேற்றை அகற்றி, புதிய ஒயிலைக் குறிவரை ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றலாகாது. மிகுந்த ஒயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிபொருளாகி, எஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓட இடமுண்டு. காகித வடிகட்டியாயின், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்று வீசித் தூசை அகற்றுங்கள். அதைத் தயரில் அடித்து உதறுவதும் டீசலிற் கழுவுவதும் கூடாது. உள்ளே விளக்கை வைத்துப் பார்த்து, துளை தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

நீர் சுற்றும் வழி

குளிராக்கும் பகுதிகளைப் பின்வரும் ஒழுங்கிலே சோதித்தல் நன்று.

விசிறிப் பட்டி: நீண்ட பக்கத்தின் நடுவிற் பெருவிரலால் அழுத்தும்போது ஏறத்தாழ அரை அங்குலம் தாழவேண்டும். அதிலும் கூடுதலாகத் தாழ்ந்தால் பட்டி வழுக்கும். பட்டியின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் அது தேய்ந்தது.

றேடியேற்றர் மூடி: இதைச் சாதாரண மூடியென எண்ணி வேறொன்றைப் போடுவோர் உளர். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இறுகியிருந்தால், நீர் 100 பாகை செல்சியசில் அன்றி ஏறத்தாழ 111 பாகையிலேயே கொதிக்கும். இறப்பர் வளையம் வெடித்த மூடி அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகின்றது. கைநூலிற் குறித்த அழுத்தமுள்ள மூடியையே வாங்குங்கள்.

இறப்பர்க் குழாய்கள்: கீழ்க்குழாய் இளகியிருந்தால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உறிஞ்சலினால் அது ஒட்டிக்கொண்டு நீரை மறிக்கும். நின்ற நிலையில் இக்குறை தெரியாது.

தேமோஸ்ரற்: எஞ்சின் சூடேறினால் இதைக் கழற்றி எறிந்துவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. இது தவறான வைத்தியம். சில எஞ்சின்களில் இதைக் கழற்றினால், சூடான நீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே குறுக்குவழியாக எஞ்சினுக்குத் திரும்பும். ஏனையவற்றில், இலேசான வேலையின்போது எஞ்சின் போதிய சூடு பெறாமல் சிலிண்டர் தேயும். ஒரு பாத்திரத்து நீரில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு நீரைச் சூடாக்கிப் பாருங்கள். அதிலே பொறித்துள்ள பாகையை அணுகும்போது அது திறக்கத் தொடங்கவேண்டும். திறக்காவிடின் புதியதொன்றைப் போடுங்கள்.

நீரின் தன்மை: யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களிற் கிணற்று நீர் கடினமானது. கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறப் படிவே எஞ்சினுள்ளும் றேடியேற்றரின் குழாய்களிலும் படிகின்றது. இப்படிவு இரும்பைப்போல் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே மெல்லிய படிவும் பெரிய தடையாகும். நாள்தோறும் புதிய கிணற்று நீரை ஊற்றுவது நாள்தோறும் புதிய சுண்ணாம்பை ஊற்றுவதற்கு ஒப்பாகும். உவர் நீரோ உலோகத்தை அரிக்கும். சுத்தமாகச் சேகரித்த மழைநீரையோ, கைநூலிற் கூறியவாறு துருத்தடுப்புக் கலந்த கூலன்ற் திரவத்தையோ பயன்படுத்துங்கள். படிந்த சுண்ணாம்பை அகற்ற, அதற்கென விற்கப்படும் மருந்தைப் பொதியிற் கூறிய அளவுப்படியே உபயோகிக்கவேண்டும். கண்ட அமிலங்களை ஊற்றினால் றேடியேற்றர் பொத்துவிடும்.

ஒழுக்கு எங்கும் காணப்படாமல் நீர் குறைந்துகொண்டு வருதல், குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் றேடியேற்றர் நீரிற் குமிழிகள் இடைவிடாது எழுதல், எஞ்சின் ஒயில் பால்போல் வெளுத்தல் என்பன கஸ்கற் எரிந்துவிட்டதற்கு அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பெட்டியைப் பூட்டவேண்டாம். உடனே தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எரியெண்ணெய்

எரியெண்ணெய் வடிகட்டி அடைபட்டால், இலேசான வேலையில் எஞ்சின் நன்றாகவே ஓடும்; பாரம் கூடும்போது மட்டும் தளரும். தாங்கியின் அடியிலே தங்கும் நீரையும் அழுக்கையும் காலையில் இயக்குமுன்னர் வடித்துவிடுங்கள். மாலையிற் தாங்கியை நிரப்பி வைத்தால், இரவில் உள்ளே காற்றின் ஈரம் நீராகப் படிவது குறையும். வடிகட்டியை மாற்றியபின் குழாய்களிலுள்ள காற்றைக் கைநூலின்படி வெளியேற்றவேண்டும்.

இழுவை போதவில்லையென்று எரியெண்ணெய்ப் பம்பின் முத்திரையை உடைத்து அளவைக் கூட்டுவோர் உளர். எரிவதற்குரிய காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால், மிகுந்த டீசல் கரும்புகையாகவும் வெப்பமாகவுமே மாறும். வலு சிறிது கூடியதுபோற் தோன்றினாலும், பிஸ்ரனின் தலை அந்த வெப்பத்தை நெடுநாள் தாங்காது. பம்பும் தெளிகருவியும் பிழையாயின், அவற்றைச் சோதிக்கும் கருவியுள்ள பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள்.

இருசக்கர உழவு இயந்திரம்

லான்ட்மாஸ்ரர் என்று மக்கள் வழங்கும் இருசக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றில் றேடியேற்றருக்குப் பதிலாகத் திறந்த நீர்த்தொட்டி உண்டு. இவ்வகையில் நீர் கொதித்து ஆவியாவதே குளிராக்கும் முறையாகும். ஆகவே ஆவி எழுவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நீர்மட்டங் காட்டும் மிதவை தாழ்ந்துவிட்டதா என்பதையே கவனிக்கவேண்டும். தாழ்ந்ததும், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, சுத்தமான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஆவியான நீரின் சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்குமாதலால், இவ்வகைக்கு மென்னீர் மிகவும் அவசியம்.

மலைநாட்டில்

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் உரமும் விதைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேலேறுகின்றனர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்று கடற்கரையிலும் பார்க்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. திறந்த பாத்திரத்து நீரும் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஆகவே ரேர்போ இல்லாத எஞ்சின் அங்கே வலுக் குன்றுவது பழுதன்று, இயல்பாகும். பாரத்தைக் குறைப்பதே அதற்குப் பரிகாரம்.

கெப் வண்டியின் பின்னே பெட்டி பூட்டுவோர் வேறு சிலவற்றையும் கவனிக்கவேண்டும். ரேர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ காற்று வெளியே போய், வலுக் குன்றிக் கரும்புகை எழும். விசிறியின் திரவக் கிளச்சு பழுதானால், சமநிலத்திற் குறை தெரியாது. ஏற்றத்தில் மட்டும் சூடேறும். குளிர்சாதனத்தின் குளிராக்கித் தட்டுக்கும் றேடியேற்றருக்கும் இடையிற் தங்கும் சேற்றை வெளியிலிருந்து காணமுடியாது. விலக்கிப் பார்த்தே கழுவவேண்டும். இலத்திரனியற் கட்டுப்பாடுள்ள பல எஞ்சின்கள் அளவுமீறிச் சூடானதும் தாமே எரியெண்ணெயைக் குறைத்துக்கொள்ளும். அவ்வேளையில் வலுக்குறைவு ஓர் எச்சரிக்கையேயாகும். அதை மீறி மிதிக்கலாகாது.

வழியிற் கொதித்துவிட்டால்

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். விசிறிப் பட்டி அறுந்திருந்தாலோ நீர் வெளியேறிவிட்டாலோ எஞ்சினை உடனே நிறுத்துங்கள். நீர் உள்ளதாயின், பாரமின்றிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்துங்கள். உடனே நிறுத்தினால் நீரின் ஓட்டம் நின்று, சிலிண்டர் தலையில் வெப்பம் தேங்கும்.

றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறத்தல் பேராபத்தாகும். அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் மூடி திறந்த கணமே ஆவியாகிப் பாய்ந்து முகத்தையும் கண்களையும் வேகவைக்கும். மேற்குழாயின்மேற் கையை வைத்திருக்கக் கூடிய அளவுக்கு ஆறியபின்னரே, தடித்த ஈரச்சாக்கினால் மூடியைப் பொத்திப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு, முதற் படிவரை திருப்பி ஆவியைப் போகவிட்டு, பின்பு கழற்றுங்கள். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஒரேயடியாய் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின் இயக்கி, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

இறக்கத்தில்

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படும் பலர் இறக்கத்தை மறந்துவிடுகின்றனர். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினை ஆறவிடும் எண்ணத்துடன் கியரை விடுவித்து உருளவிடுதல் உயிராபத்தானது. பெட்டியின் பாரம் இயந்திரத்தைத் தள்ளிக் குறுக்கே மடக்கிவிடும். நான்கு சக்கர இயந்திரத்தின் இரு பிறேக் மிதிகளையும் வீதியிலிறங்குமுன் ஒன்றாகப் பூட்டுங்கள். பெட்டியைத் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே மாட்டுங்கள். உயர மாட்டினால் முன்சக்கரங்கள் நிலத்தைவிட்டு எழும். இருசக்கர இயந்திரத்தில், பாரம் பின்னிருந்து தள்ளும்போது திருப்பற் கிளச்சை அழுத்தினால், அது எண்ணிய பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் திரும்பும். ஆகையால் இறக்கத்தில் அதைத் தொடாது, கைபிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

அறுவடைக்கு முன் செய்யவேண்டியவை

அறுவடைக்கு இரண்டு கிழமைகள் முன்னதாக றேடியேற்றரை உள்ளும் புறமும் கழுவுங்கள். விசிறிப் பட்டி, மூடி, குழாய்கள், தேமோஸ்ரற் என்பவற்றைச் சோதியுங்கள். எஞ்சின் ஒயிலையும் வடிகட்டிகளையும் கைநூலிற் குறித்த மணிக்கணக்குப்படி மாற்றுங்கள். பெட்டியின் சக்கரங்களுக்குக் கிறீஸ் இட்டு, பிறேக்கைச் சரிபாருங்கள். மேலதிக விசிறிப் பட்டி ஒன்றும் சுத்தமான நீர்க் கலன் ஒன்றும் இயந்திரத்தில் எப்பொழுதும் இருக்கட்டும்.

இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியவை ஒரு மாலை நேரமும் சில சாவிகளுமேயாகும். வெப்பமானியின் முள் உயரும்போது எஞ்சின் உதவி கேட்கின்றது. அதற்கு ஒரு வாளி நீரை மட்டும் மறுமொழியாகக் கொடாமல், பாரம், காற்று, நீர், எரியெண்ணெய் என்ற ஒழுங்கிலே காரணத்தைத் தேடுவோரின் இயந்திரம், கடைசி மூடை வீடு சேரும்வரை கைவிடாது உழைக்கும்.